எந்தக் குட்டிக்கு வெள்ளைக் கயிறு

எளாவூர்
19.1.2025

அன்பு மகள் ஏஞ்சலுக்கு நைனா எழுதுவது.

ஆண்டவருக்குத் தோத்திரம். உடம்பு எப்படி இருக்கிறது? கொடைரோட்டில் பனி அதிகம் என்கிறார்கள், காதைக் கட்டிக்கொள். இங்கே நான், அம்மா, உன் அண்ணன் லோகு மூவரும் சுகம். மில்லில் எனக்கு இந்த மாதம் முழுக்கக் காலை ஷிப்ட். கிரேனில் ஏறி உட்கார்ந்தால் குளிர் முழங்காலைப் பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை.

விஷயம் உன் லில்லியைப் பற்றியது. கன்னியர் மடத்துக்குப் போகிற கடிதத்தில் இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். எல்லாக் கடிதத்தையும் மதர் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்றாய். மதர் மன்னிக்க வேண்டும். லில்லிக்கு ஜோடி சேர்த்துவிட்டோம்.

மாப்பிள்ளை திருநின்றவூர் சபரிநாதன் வீட்டு லேப்ரடார். சபரிநாதன் லோகுவின் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் பணம் எதுவும் கேட்கவில்லை. வழக்கப்படி, பிறக்கிற குட்டிகளில் அவர் பொறுக்கி எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு. ஐந்து வயதில் முதல் பிரசவமா என்று டாக்டர் முகத்தைச் சுளித்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. பதினோராம் வகுப்பில் நீ தூக்கி வந்த நாய், வளர்த்தவள் நீ. என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது.

ஜூலை பதினாறு நீ கன்னியராகக் கொடுக்கிற வார்த்தைப்பாட்டுக்கு அம்மா இப்போதே வேன் பேசிவிட்டாள், பதினாலு பேர். குழந்தையில் உன்னை அந்தோணியாருக்கு நேர்ந்த நேர்ச்சை அன்றைக்குத்தான் தீர்கிறதாம். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இப்படிக்கு, உன் சுகத்தை அன்றாடம் ஜெபத்தில் கேட்கும்
நைனா தானியேல்


நவதுறவியர் இல்லம், கொடைரோடு
9.2.2025

அன்புள்ள நைனாவுக்கு ஏஞ்சல் வணக்கத்தோடு எழுதுவது.

இயேசுவுக்குப் புகழ். நான் சுகம், காதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் முழங்காலுக்குத் தைலம் போடுங்கள். மதர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இத்தனை வெட்கப்படமாட்டார்களாம்.

கேளுங்கள். மில்லில் சொல்லி ஒரு மரப்பெட்டி வாங்கி, பழைய பெட்ஷீட் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வையுங்கள். பிரசவம் நெருங்கினால் சாப்பிடமாட்டாள், தரையைப் பிறாண்டுவாள். குட்டி மூச்சில்லாமல் வந்தால் துண்டால் அழுத்தித் தேய்க்க வேண்டும், பாவம் என்று மெதுவாகத் தேய்க்கக் கூடாது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், கழுத்தில் கலர் கயிறு தளர்த்தியாகக் கட்டுங்கள். அப்போதுதான் எது பால் குடித்தது, எது குடிக்கவில்லை என்று தெரியும்.

ஒன்றே ஒன்று, நைனா. எட்டு வாரத்துக்கு முன் யார் கேட்டாலும் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். சீக்கிரம் பிரித்த குட்டி யார் கூப்பிட்டாலும் பின்னால் போய்விடும்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் முதல் பாஸ்கா வரை நாங்கள் கடிதம் எழுதவும் கூடாது, வந்ததைப் பிரிக்கவும் கூடாது. அதனால்தான் எல்லாவற்றையும் இப்போதே எழுதிவிட்டேன். ஜூலைக்கு வெள்ளைச் சேலை வந்துவிட்டது. என்னோடு வார்த்தைப்பாடு கொடுக்கிற மற்ற ஐந்து பேரும் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். லில்லியின் காதைத் தடவிக்கொடுக்கவும்.
ஏஞ்சல்


எளாவூர்
18.3.2025

அன்பு மகளுக்கு நைனா.

தோத்திரம். நோன்பில் உடம்பை வாட்டிக்கொள்ளாதே. தவக்காலம் முடிகிற வரை இதைப் பிரிக்கமாட்டாய் என்று தெரியும். யாரிடமாவது சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லில்லி குட்டி போட்டுவிட்டாள். ஏழு! நீ சொன்ன அடையாளம் ஒன்றுகூட நடக்கவில்லை. சாப்பிடமாட்டாள் என்றாய், இரண்டு தட்டு சோறு தின்றாள். மில்லில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்த பெட்டியை மோந்துகூடப் பார்க்கவில்லை. உன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் தரையோடு தரையாகப் படுத்து டார்ச் அடித்தேன், முழங்கால் போனது.

ஆறு குட்டி சுலபமாக வந்தது. ஏழாவது பாதியில் நின்றுவிட்டது. லில்லி என்னையே பார்க்கிறாள். பூசைக்குக் கிளம்பி நின்ற அம்மா, பட்டுப் புடவையோடு கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிட்டாள். "அந்தோணியாரே, இது உசுரோட வந்தா உங்களுக்கே குடுத்துர்றேன்" என்று கத்திக்கொண்டே துண்டைச் சுற்றி இழுத்தாள். வந்தது, மூச்சில்லை. நீ சொன்னபடி தேய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கீச்சுச் சத்தம். நான் அழுதுவிட்டேன், லோகு இன்னும் கேலி பண்ணிக்கொண்டிருக்கிறான்.

ஏழும் ஒரே நிறம், ஒரே மூஞ்சி. நேர்ந்த குட்டிக்கு அம்மா வெள்ளைக் கயிறு கட்டிவிட்டாள். நேற்று சபரிநாதன் வந்து, இருப்பதில் பெரிய ஆண் குட்டிக்குத் தன் கையால் சிவப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனார். மற்றதெல்லாம் பச்சை, நீலம். வெள்ளைக் கயிறு ஜூன் திருவிழாவுக்குப் போகிறது. கோழி, ஆடு, பூசணிக்காயோடு அதையும் நிறுத்தி ஏலம் விடுவார்கள்.

நீ படிக்காத கடிதத்துக்கு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. தூங்கு.
நைனா


எளாவூர்
15.4.2025

அன்பு மகளுக்கு,

பரிசுத்த வாரம். அம்மா கஞ்சி மட்டும் குடிக்கிறாள், என்னோடு பேச்சும் இல்லை. காரணம் கயிறு.

குட்டிகள் கொழுத்துக் கயிறெல்லாம் கழுத்தைப் பிடித்தது. அம்மா எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுத் துடைத்து என்னிடம் ஒவ்வொன்றாகத் தந்தாள். நான் ஞாபகமாகத்தான் திருப்பிக் கட்டினேன், சத்தியமாக. முந்தாநாள் சபரிநாதன் வந்தார். அவசரமாம், குட்டியை இப்போதே எடுத்துப் போகிறாராம். எட்டு வாரம் ஆகவில்லை என்றேன். "நான் பாத்துக்கறேன் பெரியவரே" என்று சிவப்புக் கயிற்றைத் தூக்கியவர் அப்படியே திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, இது பொட்டை! நான் கட்டுனது ஆணாச்சே!"

ஆணா பெண்ணா என்று பார்த்துக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் வேறொரு ஆண் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் தடுக்கவில்லை, தடுத்திருக்க வேண்டும். லில்லி வாசல் வரை போய் நின்றாள்.

சிவப்பு தப்பென்றால் வெள்ளையும் தப்பாகத்தானே இருக்கும்? நேர்ந்த குட்டி எது என்று இப்போது யாருக்கும் தெரியாது. அம்மாவைச் சமாதானப்படுத்த, "விடு, எந்தக் குட்டியோ ஒண்ணு, ஏலத்துல நாமளே எடுத்துக்கலாம், ஏஞ்சல எடுத்தா மாதிரி" என்றேன். அங்கேதான் பிடித்தது சனி.

"ஆம்பளப் புள்ள எது, பொட்டப் புள்ள எதுன்னு பாக்காம கயிறு கட்ற ஆளு நீ. அன்னிக்கும் இப்டித்தான் பண்ணிக்கீற. ஏலத்துல நீ எடுத்தது ஏஞ்சல இல்ல, லோகுவ!"

உனக்குத்தான் நம் வழக்கம் தெரியுமே. நோயில் கிடந்த பிள்ளையை அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்டு, மொட்டை அடித்து, திருவிழா ஏலத்தில் நிறுத்துவோம். பெற்றவனே கேட்டு எடுத்துக்கொண்டு வருவான், எதிர்த்து யாரும் கேட்கமாட்டார்கள். எடுத்துவிட்டால் நேர்ச்சை தீர்ந்தது, பிள்ளை நம்முடையது. உன்னை எடுத்தேன் என்றுதான் பத்தொன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா இல்லை என்கிறாள். உன்னை எடுக்காமல் விட்டதால்தான் நீயே மடத்துக்குப் போனாயாம், அந்தோணியார் தன் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டாராம்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உனக்கு அப்போது இரண்டு வயது. ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?
நைனா


கொடைரோடு
24.4.2025

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். உங்கள் கடிதங்களைத் திங்களன்று மதர் சேர்த்துக் கொடுத்தார். ஏழு குட்டி என்று படித்ததும் நான் கூச்சல் போட்டதில் சமையல்கட்டிலிருந்து ஆள் ஓடி வந்தது.

முதலில், சபரிநாதன் அண்ணனிடமிருந்து குட்டியை உடனே திரும்ப வாங்குங்கள். சண்டை போட்டாவது வாங்குங்கள். எட்டு வாரம் என்று அவ்வளவு எழுதியும் ஏன் விட்டீர்கள்? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

ஏலம் எனக்கு ஞாபகம் இல்லை. தலையில் சந்தனம் குளிர்ந்தது போல ஒன்று இருக்கிறது, அது வேறு மொட்டையாகவும் இருக்கலாம். ஆனால் சின்ன வயதில் அம்மா என்னை, "இது அந்தோணியார் புள்ள, ஏதோ நம்ம ஊட்ல வளருது" என்று வருகிறவர்களிடம் சொல்வது ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் சிஸ்டர்கள் வந்து, மடத்துக்கு வர யாருக்கு விருப்பம் என்று கேட்டபோது நான் எழுந்து நின்றேன். விருப்பமா என்று யோசிக்கவில்லை. நான் ஏற்கெனவே அவர்களுடைய பிள்ளை என்று நினைத்தேன்.

எடுத்தீர்களா இல்லையா என்று விசாரித்து எழுதுங்கள்.

இதை மதரிடம் திறந்தபடிதான் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பிறகு தானே தபால்தலை ஒட்டினார்.

அம்மா கஞ்சியை விட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிட வேண்டும்.
ஏஞ்சல்


எளாவூர்
3.5.2025

ஏஞ்சலு, அம்மா எழுதுவது. எனக்கு எழுத்து கோணல், பார்த்துப் படி.

நைனா பேச்சைக் கேட்டுக் குழம்பாதே. அந்த வருஷம் காய்ச்சல் வந்தது உனக்கு மட்டும் இல்லை. லோகுவுக்கும் வந்தது, ஒரே பாயில் இரண்டு பேரும் கிடந்தீர்கள். டாக்டர் கையை விரித்தார். நான் அந்தோணியார் படத்துக்கு முன்னால் விழுந்து, என் பிள்ளையைக் கொடுக்கிறேன் என்றேன். பிள்ளை என்றுதான் சொன்னேன், பேர் சொல்லவில்லை. எந்தப் பிள்ளையை நினைத்துச் சொன்னேன் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியவில்லை.

திருவிழாவில் இரண்டு பேருக்கும் மொட்டை. ஒரு பிள்ளை என் மடியில் தூங்கியது. ஒரு பிள்ளையை நைனா தூக்கிப் போனார். தூங்கியது நீ என்றுதான் எனக்கு ஞாபகம்.

எனக்குப் பயம். அந்தோணியாருக்குக் கடன் வைத்தால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துகொண்டேதான் உன்னை வளர்த்தேன். நீ போகிறேன் என்றபோது அப்பாடா என்று இருந்தது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குட்டிகள் செருப்பு ஒன்றையும் விடவில்லை. வேளைக்குச் சாப்பிடு.
அம்மா ரோசம்மாள்


எளாவூர்
12.5.2025

அன்பு மகளுக்கு நைனா.

தோத்திரம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிரேன் கேபினில் வாழைக்காய் வைத்தால் வெந்துவிடும். அங்கே எப்படி?

குட்டி வந்துவிட்டது. சண்டை போடத் தேவைப்படவில்லை, சபரிநாதன் தானே கொண்டு வந்தார். "சோறும் துன்ல, பாலும் குடிக்கல, கத்திக்கினே கீது. ஊட்ல எல்லாருக்கும் பேஜாரு" என்று வாசலில் இறக்கிவிட்டார். லில்லி அதைக் கீழே தள்ளி, தலை முதல் கால் வரை நக்கித் தீர்த்தாள். ஒருநாள் முழுக்க அது அவளை விட்டு நகரவில்லை. எட்டு வாரம் நேற்றோடு முடிந்தது. அவர் மறுபடி வந்து எடுத்துப் போனார், இந்தத் தடவை அது வாலை ஆட்டிக்கொண்டு போனது.

மற்ற ஆறையும் அம்மா யாருக்கும் தரவிடவில்லை. நேர்ந்த குட்டி எதுவென்று தெரியாமல் எதைத் தருவது?

ஏலத்தைப் பற்றிக் கோயில் உபதேசியார் பாக்கியநாதனைப் போய்க் கேட்டேன். இருபத்தைந்து வருஷமாக ஏலம் கூவுகிறவர் அவர்தான். சிரிக்கிறார். "தானியேலு, திருவிழாவுக்கு நாப்பது புள்ளைங்க நிக்குது. எல்லாம் மொட்டையடிச்சிக்கினு, சந்தனம் பூசிக்கினு நிக்குதுங்க. ஆம்பளையா பொட்டையான்னு பெத்தவளுக்கே தெரியாது. எனக்கு இன்னா தெரியும்?"

நான் தோளில் ஒரு பிள்ளையைத் தூக்கி வந்தேன். அது என் காதைப் பிடித்துக்கொண்டே வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். காதைப் பிடிக்கிறது உன் பழக்கம் என்று நினைத்தேன். தன் பழக்கம் என்கிறான் லோகு.

இன்னொன்று. பிப்ரவரிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மற்ற ஐந்து பேரும் சந்தோஷம் என்று எழுதியிருந்தாய். ஆறாவது ஆள் எப்படி இருக்கிறாள், மகளே? உனக்கு அங்கே பிடித்திருக்கிறதா? மதர் படித்தால் படிக்கட்டும்.
நைனா


கொடைரோடு
27.5.2025

அன்புள்ள நைனாவுக்கு,

நான் சுகம். இங்கே இரண்டு மழை பெய்தது.

லில்லிக்குப் பால் வற்றிவிட்டதா? அம்மாவின் எழுத்து கோணல் இல்லை என்று சொல்லுங்கள், நான்கு முறை படித்தேன்.

ஜூன் இருபத்தெட்டில் எங்களுக்குத் தியானம் தொடங்குகிறது. அதற்கு முன் ஒவ்வொருவரும், வார்த்தைப்பாடு கொடுக்க என்னை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று தன் கைப்பட விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். என் சுயவிருப்பத்தோடு கேட்கிறேன் என்பது அதில் முதல் வரி. மற்றவர்கள் கொடுத்துவிட்டார்கள். நான் தினமும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. பேனாவில் மை இல்லையா என்று மதர் கேட்டார்.

இங்கே யாரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, நைனா. பிடித்திருக்கிறதா என்று கேட்டீர்கள். நான் கடனாக இருந்தால் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான். அதனால் யோசிக்கவே இல்லை.

திருவிழாவுக்குக் குட்டிக்கு மஞ்சள் துணி கட்டாதீர்கள், கடித்துத் தின்றுவிடும்.
ஏஞ்சல்


எளாவூர்
17.6.2025

அன்பு மகள் ஏஞ்சலுக்கு நைனா.

அந்தோணியாருக்குத் தோத்திரம். எல்லோரும் சுகம். எனக்குத் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. காரணம் கீழே.

ஞாயிற்றுக்கிழமை திருவிழா. எந்தக் குட்டியைக் கொண்டுபோவது என்று சனிக்கிழமை வரை அடிதடி. கடைசியில் அம்மா சொன்னாள்: "எதுன்னு தெரியலன்னா எல்லாத்தியும் நிறுத்து. அவருக்குத் தெரியாதா எது அவருதுன்னு?" ஆறு குட்டியும் லில்லியும் நானும் ஒரே ஆட்டோவில் போனோம். சபரிநாதனையும் கெஞ்சி ஏழாவதைக் கொண்டுவரச் சொன்னோம். பாவம், பூசை தெரியாத மனுஷன், கடைசி வரை பக்தியாக நின்றார். ஆட்டோக்காரர் இனி நம் தெருப் பக்கம் வரமாட்டார்.

பாக்கியநாதன் மைக்கில், "ஒரு நேர்ச்சைக்கு ஏழு நாயி" என்று கூவ, கோயிலே சிரித்தது. சபரிநாதன் தன்னுடையதைத் தானே எடுத்துக்கொண்டார். ஐந்து நல்ல வீடுகளுக்குப் போயின. கடைசியாக ஒரு பெண் குட்டி, சிவப்புக் கயிறு தப்பாகக் கட்டினேனே, அது. அதற்கு ஏலம் கேட்க முதலில் கையைத் தூக்கியவள் யார் தெரியுமா? கொடுத்தே தீருவேன் என்று நின்ற உன் அம்மாதான். எடுத்தும் விட்டாள்.

பிள்ளைகள் ஏலம் தொடங்கியது. அம்மா லோகுவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினாள். இருபத்திரண்டு வயதுப் பயல், மீசையும் தாடியுமாக, மூன்று வயசு மொட்டைகளுக்கு நடுவில் தலையைக் குனிந்து நின்றான். நான் கேட்டேன், எடுத்தேன், தீர்ந்தது.

"அடுத்தது ஏஞ்சலு" என்றேன்.

"புள்ள எங்க?" என்றார் பாக்கியநாதன்.

"கொடைரோட்ல கீது."

"நிக்காத புள்ளைய எப்டிபா ஏலம் வுட்றது?"

பங்குச் சாமியாரைப் பார்த்தேன், அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அம்மா வட்டத்துக்குள் போனாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அந்தக் குழந்தைகளோடு குழந்தையாக நின்றாள். "என் வவுத்துல பொறந்தவ. அவளுக்குப் பதிலா நான் நிக்கிறேன். கூவு" என்றாள்.

நான் கேட்டேன். வழக்கம் தெரியாத ஒரு லாரி டிரைவர், வடக்கத்திக்காரர், ஏதோ நல்ல பொருள் போலிருக்கிறது என்று எனக்கு மேலே கேட்டுவிட்டார்! எனக்கு வந்ததே ஆத்திரம். "யோவ், அது எம் பொண்ணுயா!" என்று கத்திக்கொண்டு மேலே மேலே ஏற்றினேன். அவர் பயந்து போய் உட்கார்ந்துவிட்டார். பாக்கியநாதன் மூன்று தரம் சொன்னார். எடுத்தாச்சு. அம்மா வட்டத்தை விட்டு வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும்தான்.

2006இல் எடுத்தேனா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இப்போது எடுத்துவிட்டேன். ஊரே சாட்சி. நீ யாருக்கும் கடன் இல்லை.

அந்த முதல் வரியை இப்போது எழுத முடிந்தால் எழுது, எங்களுக்குச் சந்தோஷம். முடியாவிட்டால் எழுதாதே, அதற்கும் சந்தோஷம். வேன் சொன்னது சொன்னதுதான். பதினாலு பேர் வருகிறோம். திரும்பும்போது பதினாலா பதினைந்தா என்பதை மட்டும் டிரைவருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.
நைனா


கொடைரோடு
24.6.2025

அன்புள்ள நைனா,

உங்கள் கடிதத்தை மதர் பிரிக்காமலே என் கையில் கொடுத்தார். நான்கு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். லாரி டிரைவர் வந்த இடத்தில் இரண்டு பேரும் சிரித்துப் புரண்டோம். அம்மா வட்டத்துக்குள் போன இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, மதர்தான் வாங்கிப் படித்தார்.

பிறகு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் வெறும் தாளாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன். மதர் அதை மடித்துத் தன் ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார். எப்போதாவது எழுதத் தோன்றினால் வந்து வாங்கிக்கொள் என்றார்.

வேனை நிறுத்திவிடுங்கள். ஜூலை ஒன்று, செவ்வாய்க்கிழமை வருகிறேன். சென்னை வரை ஒரு சிஸ்டர் துணைக்கு வருகிறார், அங்கிருந்து லோக்கல் ரயிலில் கும்மிடிப்பூண்டி. லில்லியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வாருங்கள். அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று யாரும் கேட்கக் கூடாது, எனக்கே தெரியாது. அம்மாவைக் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை, பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

அந்தக் குட்டியின் கழுத்தில் இன்னும் சிவப்புக் கயிறு இருந்தால் அறுத்துவிடுங்கள். பேர் நான் வந்து வைக்கிறேன்.

உங்கள்
ஏஞ்சல்